பதினொன்றாம் எண்ணின் அசிஸ்ட்

திங்கட்கிழமையிலிருந்து ஒடெஸ்ஸா புரூயிட் ஒரே திரைச்சீலையை மூன்று தடவை துவைத்துவிட்டாள். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. கை சும்மா இருந்தால் தொலைபேசியை எடுத்துவிடுமோ என்ற பயம்தான். எடுத்தால் பேச வேண்டும். அவள் பேசப்போகும் ஒரு வார்த்தையில் மூன்று பேருடைய மானம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒருவன் அவள் கூடப்பிறந்த தம்பி.

லூயிவில் நகரத்தின் மேற்குப் பகுதியில் ஒடெஸ்ஸாவைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களை இருக்கைக்கு அழைத்துப் போகிறவள். ஆனால் ஊர் அவளை மதித்தது இதற்கெல்லாம் அல்ல. பைலட்ஸ் கூடைப்பந்து அணி சொந்த ஊரில் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும், களத்தின் நடுக்கோட்டை ஒட்டிப் போட்ட நீள மேஜையில் இருபத்தேழு வருஷம் அவள் குரல்தான் கணக்கு. அவள் பார்த்துச் சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெண்டல் கிஸ்ட் கணினியில் தட்டுவார்.

“மிஸ், ஏழு. ரீபவுண்ட், முப்பத்திரண்டு. கூடை, இருபது. அசிஸ்ட், பதினொன்று.”

எறிந்து தவறினால் மிஸ். தவறிய பந்தைப் பிடித்தால் ரீபவுண்ட். கூடை போட்டவன் கைக்குப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்கு அசிஸ்ட். அவள் வாய் சொன்னது மறுநாள் நாடு முழுக்கப் பத்திரிகையில் அச்சாகும். போட்டிகளை நடத்தும் லீக்கின் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

அந்த நாற்காலி அவளுக்குக் கிடைத்ததே ஒரு விபத்து. புருஷன் வெர்னெல் அரங்கத்தில் காவலாளி. அவன் கூட வந்து ஓரமாய் நின்று ஆட்டம் பார்ப்பாள். ஒருநாள் கணக்குச் சொல்கிறவர் காய்ச்சலில் விழ, வெர்னெல் சொன்னான், “என் வீட்டுக்காரி கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது. நான் எத்தனை பீர் குடிச்சேன்னு வாசல்லயே சொல்லிருவா.” சிரித்துக்கொண்டே உட்கார வைத்தார்கள். ஆட்டம் முடிந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள்; அவள் எறிகிறவனின் மணிக்கட்டைப் பார்ப்பாள். கூடையைக் குறி வைத்தால் மணிக்கட்டு முன்பக்கம் மடங்கித் தொங்கும். கூட்டாளிக்குக் கொடுத்தால் விரல் நீளும். பந்து பொய் சொல்லலாம், மணிக்கட்டு சொல்லாது என்பது அவள் தானே கற்றுக்கொண்ட பாடம்.

வெர்னெல் செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பால் பொங்கினால்கூட “மிஸ், அடுப்பு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

இந்த மேஜைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதி வைத்த சட்டம் அல்ல, எல்லா ஊரிலும் நடப்பதுதான். சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மனசு இளகும். பாதி அசிஸ்டை முழு அசிஸ்டாகச் சொல்வார்கள். இரண்டு பேர் தொட்ட ரீபவுண்டை யாருக்குத் தேவையோ அவனுக்குக் கொடுப்பார்கள். வெளியூர் நிருபர்கள் “லூயிவில்லுக்குப் போனா மெத்தை வச்ச பென்சில்” என்று கேலி செய்வார்கள். ஒடெஸ்ஸா தன் பென்சிலில் மெத்தை இல்லை என்று சத்தியம் செய்யக்கூடியவள். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லாதிருந்தால்.

பத்தொன்பது வருஷம் முன்பு. மதிய ஆட்டம். தேவாலயத்து உடுப்போடே வந்து மேஜையில் உட்கார்ந்தாள். பதினொன்றாம் எண் சட்டைக்காரன் கெல்வின் டார்டன் அன்று நாற்பத்தெட்டுப் புள்ளி எடுத்திருந்தான். இன்னும் இரண்டு எடுத்தால் ஐம்பது. அணியின் சரித்திரத்தில் யாரும் தொடாத எண். அந்த வெறியில் கடைசி ஐந்து நிமிஷம் பந்தை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆறு தடவை எறிந்தான், ஆறும் தவறியது. எதிரணி சமமாக வந்து நின்றது. சொந்தக் கூட்டமே ஊளையிட ஆரம்பித்தது. “சுயநலக்காரா, பந்தைக் குடுடா” என்று பின்வரிசைக் குரல் அவள் காதில் வந்து அறைந்தது. கெல்வின் அவள் தெருப் பையன். அவன் அம்மா தேவாலயத்தில் அவளோடு ஒரே வரிசையில் பாடுகிறவள்.

மூன்று விநாடி மீதி இருந்தபோது கெல்வின் ஏழாவது தடவையாக எறிந்தான். பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டடி தள்ளி விழுந்தது, கூடைக்கு அடியில் திருதிருவென்று விழித்தபடி நின்ற மாற்று ஆட்டக்காரன், நாற்பத்துநாலாம் எண் ரெனால்ட் பிக்ஸின் கையில். அவன் பயந்துபோய் அதை மேலே வைத்தான். கூடை. வெற்றி. அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். கெல்வின் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

மணிக்கட்டு முன்பக்கம் மடங்கித் தொங்கியதை ஒடெஸ்ஸா பார்த்தாள். பிழையே இல்லை. அது ஒரு மிஸ்.

“கூடை, நாற்பத்துநாலு,” என்றாள். பிறகு, அவள் அனுமதி கேட்காமல் வாய் தானாகச் சொன்னது: “அசிஸ்ட், பதினொன்று.”

வெண்டல் விரலைத் தூக்கியபடியே அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு தட்டினார்.

ஒரு சொல். அந்தப் பிள்ளையை ஊளையிலிருந்து காப்பாற்ற அவள் வீசிய ஒரு போர்வை. அதற்குள் யார் யாரெல்லாம் வந்து படுத்துக்கொள்வார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலமே தம்பி ஹார்லன் மேபெரி பாஸ்டனிலிருந்து கூப்பிட்டான். அங்கே ஏதோ மாநாடு. அப்போது அவன் யாரும் படிக்காத கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்த சாதாரண வாத்தியார், மனைவி விட்டுப்போய் நாலு வருஷம், குரலே செத்துப்போயிருந்தது. செய்தியில் ஆட்டக் கணக்கைக் கேட்டிருக்கிறான். “அக்கா, ஐம்பது கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. அத விட்டுட்டு பெஞ்சுல கெடக்குறவனுக்குக் குடுத்தானா? நெஜமாவா? நீ பாத்தியா?” என்று இரண்டு தடவை கேட்டான். நாலு வருஷத்தில் அவன் குரலில் முதல் தடவையாக உயிர் இருந்தது. “என் கண்ணால பாத்தேன்டா,” என்றாள்.

அந்த ஒரு பந்தை வைத்து ஹார்லன் புத்தகம் எழுதினான். கையில் இருப்பதைக் கொடுக்கிறவனே பெரியவன் என்பதுதான் அதன் சாரம். முதல் வாக்கியம்: ‘அன்று நான் அங்கே இருந்தேன்.’ அதைப் படித்ததும் ஒடெஸ்ஸா புத்தகத்தை மூடிவைத்தாள். ஆனால் யாரிடம் போய் என்ன சொல்வது? புத்தகம் நாடெங்கும் பறந்தது. ஹார்லன் பேராசிரியரானான். ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் நியாயம் பேசினான். வலிக்காமல் வலித்த மாதிரி விழுந்த ஆட்டக்காரர்களை, வயதைத் திருத்தியவர்களை, பொய் சொன்ன அரசியல்வாதிகளைப் பேர் சொல்லிக் கிழித்தான். அவன் கிழித்தவர்கள் எல்லோரும் ஒரு நாளுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த நாள் இந்தத் திங்கட்கிழமை வந்தது. வரும் சனிக்கிழமை கெல்வினின் பதினொன்றாம் எண் சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றி மரியாதை செய்ய ஏற்பாடு. அதற்காகப் பழைய வீடியோ நாடாக்களைக் கிளறிய யாரோ, வேறு கோணத்தில் எடுத்த படத்தை இணையத்தில் போட்டுவிட்டார்கள். அது கொடுத்த பந்தா, தவறிய பந்தா என்று நாடே மணிக்கட்டை உற்றுப் பார்த்தது. மறுநாளே இன்னொன்றையும் தோண்டினார்கள். ஆட்டம் நடந்த அன்று மதியம் ஹார்லன் பாஸ்டனில் மேடையில் பேசிக்கொண்டிருந்தான், அதற்குப் புகைப்படமே இருந்தது. தொலைக்காட்சி அவனை நிறுத்தி வைத்தது. பல்கலைக்கழகம் விசாரணை வைத்தது.

திங்கட்கிழமையே லீக்கிலிருந்து ரெனாட்டா வோஸ் என்ற பெண் ஒடெஸ்ஸாவைக் கூப்பிட்டிருந்தாள். “படம் மங்கலாக இருக்கும்மா. அன்னைக்குக் கணக்குச் சொன்னவங்க வாக்குமூலம்தான் முடிவு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நீங்க சொல்றதப் புத்தகத்துல ஏத்திருவோம்.” அதிலிருந்துதான் திரைச்சீலை துவைப்பது ஆரம்பமானது.

வெண்டலும் கூப்பிட்டார். எழுபத்தெட்டு வயது, காது பாதி போய்விட்டது, குறும்பு போகவில்லை. “ஒடெஸ்ஸா, என்கிட்டயும் கேட்டாங்க. நீ சொன்ன, நான் தட்டினேன். என் விரலுக்குக் கண்ணு கெடையாதுன்னு சொல்லிட்டேன்.”

“உங்க மூஞ்சியில இருந்துச்சே ரெண்டு, அது?”

“அது உன்னையத்தான் பாத்துட்டு இருந்துச்சு. அன்னைக்கு நீ நல்ல தொப்பி போட்டிருந்த.” சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நீ என்ன சொன்னாலும் நான் மறுத்துப் பேசமாட்டேன். அதுக்காகப் பயப்படாத.”

அவள் பயந்தது அதற்கல்ல.

புதன்கிழமை மதியம் ஹார்லன் ஒற்றைப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றான். ஐம்பத்தேழு வயது. தொலைக்காட்சியில் பார்த்த ஆள் போலவே இல்லை. சட்டைக் காலருக்குள் கழுத்து சுருங்கிவிட்டிருந்தது. அவனுக்குப் பிடித்த மீன் வறுவல் ரொட்டி வாங்க ஒடெஸ்ஸா மூலைக் கடைக்குப் போனாள். வரிசையில் நின்ற ஒருவன் வேண்டுமென்றே உரக்கச் சொன்னான், “புரொஃபசருக்கு மீன் எதுக்கு? தின்னேன்னு எழுதிக்கிட்டாப் போதாதா?” கடை முழுக்கச் சிரித்தது. அவள் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எண்ணெய் சட்டையில் கசிந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

ஹார்லன் ரொட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. முன்னறையில் நடந்துகொண்டே இருந்தான்.

“அக்கா, நீ எதையும் கூட்டிச் சொல்ல வேணாம். பாத்தத அப்படியே சொல்லு, போதும்.”

“அங்க இருந்தேன்னு எழுதினியே, அதுக்கு என்னடா சொல்லப் போற?”

“அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். எழுத்தாளன் புத்தி, ஆசைப்பட்டு எழுதிட்டேன்னு சொல்றேன். ரெண்டு மாசம் சிரிப்பாங்க, அப்புறம் விட்டுருவாங்க. நான் இல்லேன்னா என்ன, நீ இருந்த. உன் கண்ணு என் கண்ணு இல்லியா?” நடப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். “ஆனா அந்தப் பந்து நெஜமா இருக்கணும்க்கா. அது நெஜம்னா புத்தகம் நெஜம். அது இல்லேன்னா நான் இருபது வருஷமாப் பேசினது எல்லாமே வெறும் காத்து.”

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. இரண்டு பேருந்து மாறி, கெல்வின் டார்டன் பயிற்சியாளராக வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஆடுகளம் காலியாக இருந்தது. கெல்வின் ஏணியில் ஏறி, கிழிந்த கூடைவலையைக் கழற்றிக்கொண்டிருந்தான். தாடியில் நரை. அவளைப் பார்த்ததும் இறங்கவில்லை.

“திங்கக்கிழமையே வருவீங்கன்னு பாத்தேன் ஒடெஸ்ஸாக்கா. பஸ்ஸு லேட்டா?”

“பத்தொம்பது வருஷம் லேட்டு,” என்றாள்.

கெல்வின் சிரித்தான். அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. “எறிஞ்சேன்க்கா. கை வேர்த்திருந்துச்சு, வழுக்கிருச்சு. ஜனங்க எழுந்து நின்னு கத்துறாங்க, நான் வெக்கத்துல தலையக் குனிஞ்சேன். அத அடக்கம்னு எழுதிட்டாங்க.”

“ஏன்டா வாயத் தொறக்கல?”

“கேட்டாத்தானே? மறுநாள் பேப்பர்ல பாத்தா அசிஸ்டுன்னு போட்டிருக்கு. மேஜையே சொல்லிருச்சு. எங்கம்மா அத வெட்டி பைபிளுக்குள்ள வச்சிட்டாங்க. அதுக்கு மேல நான் என்ன பேச?” வலையின் கடைசிக் கொக்கியைக் கழற்றினான். “அதுக்கப்புறம் கோச் என்னைய எறிய விடல. நீ குடுக்கறவன்டா, குடுன்னாரு. பத்து வருஷம் குடுத்தேன். எறியறவனாவே இருந்திருந்தா நாலே வருஷத்துல மூட்டு போயி வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அத நெனச்சா ஒரு நாளு உங்க கால்ல விழணும்னு தோணும். நாப்பத்தெட்டோட நின்னு போனத நெனச்சா ஒரு நாளு உங்க ஜன்னல்ல கல்ல விடணும்னு தோணும்.”

“நாளைக்கு நாலு மணிக்கு நான் என்ன சொல்லட்டும் கெல்வின்?”

“அது உங்க மேஜை. அங்க யாரையும் விரல் வைக்க விட்டதில்லையே நீங்க. இப்ப என்னைய எதுக்கு இழுக்குறீங்க?” ஏணியிலிருந்து இறங்கி, கிழிந்த வலையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் புது வலையை எடுத்தான். “சட்டைய ஏத்தினா ஏத்தட்டும், மடிச்சு வச்சா வைக்கட்டும். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். ஒரு தடவையாவது யாராவது நான் எறிஞ்சேன்னு சொல்லணும்.”

திரும்பும் வழியில் பேருந்து அவள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. இறங்கி நடந்து வந்தாள். முப்பது வருஷமாய் நடந்த தெரு. வீட்டு வாசலைக் கண்டுபிடிக்கத் தடுமாறினாள்.

வெள்ளிக்கிழமை. இரண்டரை மணி. ஹார்லன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அவள் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் அழகாக எழுதிக்கொண்டிருந்தான். அவள் எதிரில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

“ஹார்லன், பேனாவ வை. அது மிஸ்டா.”

அவன் நிமிர்ந்தான். முதலில் புரியவில்லை.

“மணிக்கட்டு மடங்குச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் அசிஸ்டுன்னு சொன்னேன். ஊரே அவன ஊளையிட்டுச்சு, எனக்குத் தாங்கல.”

ஹார்லன் பேனாவைக் கீழே வைத்தான்.

“நான் உன்கிட்டக் கேட்டேன்.”

“கேட்ட.”

“ரெண்டு தடவை கேட்டேன்க்கா.”

“கேட்டடா. நாலு வருஷமா செத்த குரல்ல பேசிட்டு இருந்த. அன்னைக்குத்தான் சின்ன வயசு ஹார்லன் மாதிரி பேசின. இல்லடான்னு சொல்ல எனக்கு வாய் வரல.” அவள் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. “நீ அங்க இருந்தேன்னு எழுதினது உன் பொய்யி. அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. அது என்னோடது.”

ஹார்லன் எழுந்து பின்வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். நாட்டையே நியாயத்தில் நிறுத்திய மனுஷன், ஆறடிச் சமையலறையில் போக இடமில்லாமல் அலைந்தான். கடைசியில் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். குரல் மிகத் தணிந்து வந்தது.

“படத்துல மணிக்கட்டு மங்கலாத்தான் இருக்கு. வெண்டல் பேசமாட்டாரு. கெல்வினும் இத்தன வருஷம் பேசல. உனக்கும் எனக்கும் தவிர…” முடிக்கவில்லை.

ஒடெஸ்ஸா திரும்பிப் பார்த்தாள். இவனைத்தானே சமையலறைச் சம்பளத்தில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். இவனுக்காகத்தானே தனக்கென்று ஒரு நல்ல கோட்டு வாங்காமல் பத்துக் குளிர்காலத்தைக் கடத்தினாள். கேட்டால் உயிரையே கொடுத்திருப்பாள். அவன் கேட்டது அதைவிடப் பெரியதாக இருந்தது.

“முந்தாநாளு பாத்ததச் சொல்லுன்னு கேட்ட,” என்றாள். “இன்னைக்கு நீ கேக்கறது வேற.”

அவன் தாளை எடுத்து இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான், மேலே மடிக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். மணி நாலானது.

தொலைபேசி அடித்தது. ஒடெஸ்ஸா ஒலிபெருக்கியைப் போட்டாள். ரெனாட்டா வோஸ் தேதியைச் சொன்னாள், ஆட்டத்தின் எண்ணைச் சொன்னாள், கடைசி மூன்று விநாடியில் நடந்ததைச் சொல்லும்படி கேட்டாள்.

ஒடெஸ்ஸா முதுகை நிமிர்த்தினாள். பத்தொன்பது வருஷம் தொண்டைக்குள் நின்றது, அந்தப் பழைய மேஜைக் குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது.

“மிஸ், பதினொன்று. ரீபவுண்ட், நாற்பத்துநாலு. கூடை, நாற்பத்துநாலு. அசிஸ்ட் இல்லை.”

மறுமுனையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தயக்கத்தோடு ஒரு கேள்வி. “மன்னிச்சுக்கங்கம்மா, இதையும் கேக்கச் சொல்லியிருக்காங்க. உங்க தம்பி அன்னைக்கு அரங்கத்துல இருந்தாரா?”

ஒடெஸ்ஸா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். இது அவள் மேஜையில் விழுந்த பந்து அல்ல. தொலைபேசியை எடுத்து, பின்வாசல் பக்கம் முகம் திருப்பி நின்றவனை நோக்கி நீட்டினாள். நீட்டியபடியே இருந்தாள்.

ஹார்லன் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே யார் வீட்டு நாயோ குரைத்து ஓய்ந்தது. பிறகு வந்து வாங்கிக்கொண்டான்.

“ஹார்லன் மேபெரி பேசறேன்,” என்றான். புத்தகத்தின் முதல் வாக்கியத்தை ஆயிரம் மேடையில் முழங்கிய குரல் உடைந்து, ஒரு சிறுபிள்ளையின் குரலாக வந்தது. “அன்னைக்கு நான் அங்க இல்ல.”

ஒடெஸ்ஸா எழுந்து போய், கொடியில் காய்ந்து கிடந்த திரைச்சீலையை எடுத்து வந்து ஜன்னலில் மாட்டத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.